நான் அடைக்கச் சொன்ன பின்கதவு

கட்டடங்களில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டீர்கள். எங்கே எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று எழுதினால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும், உங்களுக்கும் அதனால் பெரிய பயனில்லை. சுவரின் சூட்டைத் திரையில் காட்டும் கருவி உங்களிடம் இருக்கிறது. எனக்கு இருந்தது உள்ளங்கை மட்டும். கணக்குப் போடுவதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அதனால் நான் மிகவும் பயந்துபோன ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பயத்தை உண்டாக்கியவனும் நான்தான்.

எழுபதுகளின் நடுவில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. கடை, மில், ஐஸ் ஃபேக்டரி எல்லாவற்றுக்கும் இவ்வளவுதான் கரண்ட் என்று அளவு கட்டிவிட்டார்கள். தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வில்லியனூரில் வாடகை வீடு. ஒரு எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் லைசென்ஸ், ஒரு சைக்கிள், ஒரு தோல் பை. அவ்வளவுதான் என் கம்பெனி.

பாகூர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னை முதலில் கூப்பிட்டார். எல்லாரும் அவரை முதலாளி என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய கடைக்குத் தகரக் கூரை. மேலே கீற்று வேய்ந்து, உள்சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். பாதி விளக்கும் பாதி ஃபேனும் போதும் என்று ஆகிவிட்டது. முதலாளி கடைத்தெரு முழுக்க என் பேரைச் சொன்னார். மாவு மில், அரிசி மில், எண்ணெய்ச் செக்கு என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு எண்ணம் வந்துவிட்டது. முதலாளிக்கு ஒரு ஐஸ் ஃபேக்டரியும் இருந்தது, அந்த எண்ணத்தோடுதான் அங்கே போனேன்.

அது பாகூரிலிருந்து கடற்கரைக் குப்பங்களுக்குப் போகும் சாலையோரம், ஒரு கரும்புத் தோட்டத்துக்கு எதிரில் இருந்தது. ரயில் பெட்டி மாதிரி நீளமான கட்டடம். முன்பக்கம் கம்ப்ரஸர் ஓடும் மெஷின் ரூம். நடுவில் ஐஸ் உறையும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. கடைசியில், உறைந்த கட்டிகளை அடுக்கி வைக்கும் ஐஸ் ரூம். அந்த ரூமுக்கு மேற்குப் பார்த்து ஒரு பின்கதவு இருந்தது. மீன் விற்கும் பெண்கள் அதன் வழியாகத்தான் வந்து ஐஸ் வாங்கிப் போவார்கள்.

நான் போனபோது மேற்கு வெயில் அந்தத் தகரக் கதவில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. கையை வைத்தேன். சுட்டது. குனிந்தால், கதவின் அடி இடுக்கு வழியாகக் குளிர் வந்து காலில் மோதியது. கம்ப்ரஸரை ஓட்டி உண்டாக்கும் குளிர் இந்த வழியாகத் தெருவுக்குப் போகிறது என்று உடனே தெரிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பின்கதவை எடுத்துவிட்டு இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் உமி நிரப்ப வேண்டும். மேலே இருக்கும் வென்டிலேட்டர்களையும் அடைக்க வேண்டும். ஐஸ் வாங்க வருபவர்கள் முன்வாசல் வழியாக வந்து, மெஷின் ரூமைத் தாண்டிப் போகட்டும். அடியில் கையெழுத்துப் போட்டேன்.

மெஷின் ஓட்டுபவர் பெயர் கோவிந்தசாமி. குருவிநத்தத்துக்காரர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அருகில் வந்தார்.

"சார், ஒண்ணு சொல்லலாமா? பின்வாசல அடைக்க வாணாம் சார். கேஸ் புட்டுக்கிச்சின்னா உள்ள இருக்கிறவங்க எப்படி வெளிய வருவாங்க?"

கேஸ் என்று அவர் சொன்னது அமோனியாவை. அதுதான் குழாய்களில் ஓடித் தண்ணீரை உறைய வைக்கிறது. மூச்சில் ஏறினால் நெஞ்சை அடைக்கும், கண்ணில் பட்டால் பொசுக்கிவிடும்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஒம்பது வருசம் ஆவுது."

"இதுவரைக்கும் எத்தனை தடவை அப்படி ஆச்சு?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார். சின்னச் சின்னதாத்தான் கசியும்."

"அப்புறம் என்ன?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மெஷினிடம் போய்விட்டார். கூட நின்றிருந்த முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன்.

சுவர் எழும்பியது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக் கட்ட வைத்தேன். ஊசி முனை அளவுகூட ஓட்டை இருக்கக் கூடாது என்று கொத்தனாரைப் பாடாய்ப் படுத்தினேன். சிமெண்டை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போடச் சொன்னேன். உமியைக் கட்டையால் இடித்து இடித்து இறுக்கினோம். அடுத்த மாதமே மீட்டர் அளவுக்குள் வந்துவிட்டது. கம்ப்ரஸரைத் தினமும் மூன்று மணி நேரம் குறைவாக ஓட்டினாலும் ஐஸ் கரையவில்லை. அந்தச் சுவரை நான் மற்ற முதலாளிகளுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன்.

சித்திரை வெயில் காலம். பிற்பகல் மூன்று மணி இருக்கும். நான் ஃபேக்டரியின் முன்வாசலில், மீட்டர் பலகையின் கீழ் நின்று ரீடிங் எழுதிக்கொண்டிருந்தேன். சற்று முன்னால் அஞ்சலையும் அவருடைய நாத்தனாரும் என்னைக் கடந்து உள்ளே போயிருந்தார்கள். அஞ்சலை பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுபோய் விற்பவர். தினமும் அந்த நேரத்துக்கு ஐஸ் வாங்க வருவார். கட்டி எடுத்துக் கொடுக்க மாரி என்ற சுமையாள் அவர்களோடு போனார்.

முதலில் பட்டென்று ஒரு சத்தம். டயர் வெடித்தது என்று நினைத்துச் சாலையைப் பார்த்தேன். அப்புறம்தான் அந்தச் சீறல். மெஷின் ரூம் வாசலிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று தள்ளிக்கொண்டு வந்தது. அதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. நாற்றம் என்று சொன்னால் போதாது. மூக்குக்குள் யாரோ விரலை விட்டுக் கிழித்தது போல இருந்தது. கண் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது நான் சாலையின் நடுவில் நின்றிருந்தேன். எப்போது ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கால்கள் என்னைக் கேட்காமல் ஓடியிருந்தன.

கோவிந்தசாமி முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு தடுமாறி வெளியே வந்தார். இருமல் அவரை மடக்கிப் போட்டது. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு மறு கையால் உள்ளே காட்டினார்.

"மூணு பேரு... உள்ள மூணு பேரு இருக்காங்க..."

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஆபத்து என்றால் மெயினை இறக்கு. படிப்பில் அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு ஓடி, மீட்டர் பலகையில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். கம்ப்ரஸர் முனகி நின்றது. அந்த அமைதியில் உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. பெண் குரல். கேஸுக்கு வந்த அலறல் இல்லை அது. விளக்கு அணைந்ததற்கு வந்த அலறல்.

வென்டிலேட்டர் இல்லை. சன்னல் இல்லை. கதவு இல்லை. ஒரு பொட்டு வெளிச்சம் போக வழியில்லாமல் அடைத்தவன் நான். இப்போது விளக்கையும் அணைத்துவிட்டேன்.

கைப்பிடியை மேலே தள்ளப் போனேன்.

"போடாத சார்!" என்று கோவிந்தசாமி கத்தினார். "மெஷினு ஓடுனா இன்னும் தள்ளும். அப்படியே கெடக்கட்டும்."

"இருட்டா இருக்கே! அவங்க எப்படி..."

"வால்வை அடைக்கணும் சார். எனக்குக் கண்ணு வாணாம். கைக்குத் தெரியும்."

கிணற்றடித் தொட்டியில் ஒரு சாக்கை முக்கித் தலையோடு போர்த்திக்கொண்டார். உள்ளே போனார். நான் தடுக்கவில்லை. கூடவும் போகவில்லை. மெயினை இறக்கியது சரியா தப்பா என்று என்னைக் கேட்டால் இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அந்த நொடியில் இரண்டு வழியும் யாரையோ கொல்லக்கூடியதாக இருந்தது. இரண்டையும் அப்படி ஆக்கி வைத்தது என் திட்டம்.

கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் கடப்பாரை இருந்தது.

"எங்க ஒடைக்கணும்?" என்றார்.

பழைய கதவு இருந்த இடத்தைக் காட்டினேன். முதல் குத்துக்குச் சிமெண்டுப் பூச்சு மட்டும் சில்லாகத் தெறித்தது. இரண்டாவது, மூன்றாவது குத்துக்கும் செங்கல் அசையவில்லை.

"இன்னாய்யா இது, கோட்டை மாரி கட்டி வச்சிக்கிறாங்க! எந்தப் பாவி கட்டுனான்?"

 சுவரில் காதை வைத்தேன். சாந்து கன்னத்தில் சுட்டது. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. முன்பு கேட்ட அலறலே தேவலை என்று தோன்றியது. கடப்பாரையைப் பிடுங்கி நானே குத்தினேன். உள்ளங்கை கிழிந்தது அப்போது தெரியவில்லை.

ஒரு செங்கல் பெயர்ந்தது. அப்புறம் நாலைந்து. வெளிச்சுவரில் ஓட்டை விழுந்தவுடன் உமி கொட்டத் தொடங்கியது. அள்ளி அள்ளிப் போட்டோம். மேலேயிருந்து இன்னும் இறங்கியது. மூன்று பேரும் முழங்காலளவு உமியில் நின்றோம். அது தீரவில்லை. நான் இடித்து இடித்து நிரப்பிய உமி. அந்த நிமிடங்களில் ஏற்பட்ட பயத்தை எப்படிச் சொல்வது? உள்ளே மூன்று உயிர் அடங்கிக்கொண்டிருக்கிறது, வெளியே நான் உமி வாரிக்கொண்டிருக்கிறேன்.

உள்சுவர் ஒற்றைச் செங்கல்தான். கடப்பாரை உள்ளே பாய்ந்தது. பாய்ந்த இடத்திலிருந்து நாற்றம் குப்பென்று வந்து எங்களைப் பின்னால் தள்ளியது. அந்தத் துளையை இன்னும் நாலு குத்துப் பெரிதாக்கினோம். அப்போது உமிக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. விரல்கள் காற்றைப் பிடிக்கப் பார்த்தன.

நாத்தனாரின் கை அது. அஞ்சலை அவரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். அப்புறம் மாரியைத் தள்ளினார். கடைசியில்தான் அவர் வந்தார். மூன்று பேர் முகத்திலும் ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. தண்ணீரை வாரி வாரிக் கண்ணில் ஊற்றினோம். இருமல் சற்று அடங்கியதும்தான் அஞ்சலைக்குப் பேச்சு வந்தது.

"கோயிந்தசாமி அண்ணன் எப்பவோ சொல்லி வச்சாரு," என்றார். "கேஸ் வந்தா ஓடாத, ஈரச் சாக்க மூஞ்சில போட்டுக்கினு தரையோட தரையா படுன்னு. ஐஸ் தண்ணியிலயே மூஞ்ச வச்சிக்கினு கெடந்தோம். வெளிச்சம் போனப்பதான் இவ கத்திட்டா." மறுபடி இருமினார். "அண்ணன் எங்க?"

அவர் முன்வாசல் படியில் குப்புறக் கிடந்தார். வால்வை அடைத்துவிட்டுத் தவழ்ந்தே வெளியே வந்திருக்கிறார். சாக்கு எங்கேயோ நழுவிவிட்டது. முகத்தைத் திருப்பியபோது நான் பார்த்ததை எழுத விரும்பவில்லை. ஐஸ் ஏற்றும் லாரியிலேயே நாலு பேரையும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். நாத்தனாருக்கு இருமல் நிற்கப் பல மாதம் ஆனது. கோவிந்தசாமியும் பிழைத்தார். வலது கண் போய்விட்டது.

அவரைப் பார்க்கப் போவதற்கு எனக்கு ஆறு நாள் ஆயிற்று. தினமும் சைக்கிளை எடுப்பேன். வில்லியனூரிலிருந்து கிளம்பி ஆஸ்பத்திரித் தெரு முனைவரை போவேன். அங்கிருந்து திரும்பிவிடுவேன். போலீஸ் வரும் என்று ஒரு பயம். முதலாளியிடம் என் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. அதைவிட, கோவிந்தசாமியின் மனைவி என்னைப் பார்த்து என்ன கேட்பாரோ என்ற பயம். ஏழாவது நாள் உள்ளே போனேன். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். மனைவி வெளியே போயிருந்தார்.

என் குரலைக் கேட்டதும், "வாங்க சார்," என்றார்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் கேட்கல," என்றேன். 

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சொன்னேன் சார். ஒரு தபாதான் சொன்னேன். நீங்களும் மொதலாளியும் சிரிச்சீங்க. நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு போயிட்டேன். மறுக்கா ஏன் சொல்லாம வுட்டேன்? இங்க படுத்துக்கினு அதத்தான் நெனச்சிக்கினு கெடக்கறேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் தவறில் ஒரு பங்கைத் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் இருட்டில் படுத்திருந்தது என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் ஒரு கட்டடத்துக்குள் போகும்போது அங்கே தினமும் வேலை செய்பவர்களில் யாரோ ஒருவர் உங்களிடம் ஒரு தடவை எதையாவது சொல்வார். தயங்கித்தான் சொல்வார். நீங்கள் சிரித்தாலோ கடிகாரத்தைப் பார்த்தாலோ அத்தோடு நிறுத்திக்கொள்வார். இரண்டாவது தடவை அவர் வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் போய்க் கேளுங்கள். நான் அந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்தேன். வேலை எனக்கு மெதுவாகத்தான் நடந்தது. பரவாயில்லை.

இது இத்தோடு முடிந்திருந்தால் பாடம் கற்றுக்கொண்டவன் என்று நான் மார்தட்டிக்கொண்டிருப்பேன். முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து முதலாளி ஆள் அனுப்பி என்னை ஃபேக்டரிக்கு வரச் சொன்னார். கம்ப்ரஸரைப் பழுது பார்த்தாகிவிட்டது. இடித்த சுவரில் ஒரு தகரத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள். மீட்டர் மறுபடி எகிறிக்கொண்டிருந்தது.

"செவுர எழுப்பிடு தம்பி," என்றார். "வெடிச்ச சாமான் புதுசு போட்டாச்சி. இனிமே ஒண்ணும் ஆவாது."

"கதவு வைக்கணும் முதலாளி. உமி அடைச்ச கனமான கதவா வைக்கலாம். குளிர் அவ்வளவா போகாது."

"அவ்வளவான்னா? போவும், இல்ல? அளவு தாண்டினா ஃபியூஸப் புடுங்குவான். உனக்கு வாணாம்னா வேற ஆளு கட்டுவான். கட்டச் சொல்லி நீ எழுதிக் குடுத்த தாளு எங்கிட்டதான் இருக்கு. மறந்துடாத."

 உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பாகூர் கடைத்தெரு முழுவதும் அவர் கையில் இருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் அஞ்சலை கூடையோடு வந்து சாலையிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"ஐஸ வெளிய கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க மொதலாளி," என்றார். "உள்ள நாங்க வரமாட்டோம். இங்கியே நிக்கறோம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே பார்க்கும்போது அவர் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தேன். என்னுடைய பயம் அதற்கு முன்னால் சிறியதாகத் தெரிந்தது.

"முதலாளி, நீங்களும் நானும் ஐஸ் ரூமுக்குள்ள போய் நிப்போம்," என்றேன். "விளக்கை ஒரு நிமிஷம் அணைக்கச் சொல்றேன். அதுக்கப்புறமும் சுவர்தான் வேணும்னா நானே கட்டித் தரேன்."

"இன்னாப்பா வெளயாட்டு," என்று சிரித்தார். ஆனால் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். தகரத்தின் இடுக்குகளில் நான் சாக்கை அடைத்தேன். முன்வாசலில் மெயின் சுவிட்சை அஞ்சலையிடம் காட்டி, நாங்கள் உள்ளே போனதும் கீழே இறக்கி, அறுபது எண்ணிவிட்டு மேலே தள்ளச் சொன்னேன்.

விளக்கு அணைந்தது. நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனாலும் அந்த அலறல் என் காதுக்குள் வந்துவிட்டது.  இருட்டில் ஐஸ் கட்டிகள் உரசிக்கொண்டு முனகின. எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

"கேஸ் வந்திருக்குன்னு வச்சிக்குங்க முதலாளி," என்றேன். "மூச்சு விட முடியாது. கண்ணைத் திறக்க முடியாது. எந்தப் பக்கம் போவீங்க?"

அவர் இரண்டு அடி எடுத்து வைப்பது கேட்டது. ஐஸில் இடித்துக்கொண்டார். மறுபக்கம் திரும்பினார். சுவரைத் தடவும் சத்தம் கேட்டது.

"வாசல் இங்கதான..." என்றார். அங்கே வாசல் இல்லை. "யோவ், எங்க இருக்க?" குரல் மாறியிருந்தது. ஒரு கை என் சட்டையைத் தேடிப் பிடித்தது. அந்தக் கை பிடியை விடவேயில்லை.

அஞ்சலை அறுபதை நிதானமாகத்தான் எண்ணினார்.

விளக்கு வந்தபோது முதலாளி முகமெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில். என் சட்டையிலிருந்து கையை எடுத்தார். கசங்கிய இடத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டார். ஓட்டையை மறைத்திருந்த தகரத்தைக் காலால் தள்ளினார். வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"கதவு எந்தப் பக்கமா தொறக்கணும்?" என்று கேட்டார்.